சாலைப் போக்குவரத்து விதிகள் உருவாகும் முறை (தமிழ்நாடு)

சாலைப் போக்குவரத்து விதிகள் என்பவை, பொதுச் சாலையில் வாகனம் ஓட்டுவோரும் நடந்து செல்வோரும் பின்பற்ற வேண்டியவை என அரசு சட்டப்படி வகுத்து அறிவிக்கும் கட்டளைகள் ஆகும். இந்தியாவில் இவை ஒரே இடத்தில் உருவாவதில்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றுகிறது. ஒன்றிய அரசும் மாநில அரசும் அச்சட்டத்தின் கீழ் விதிகளை வகுக்கின்றன. குறிப்பிட்ட ஒரு சாலைக்கு உரிய வேக வரம்பையும் தடையையும் பெரும்பாலும் மாவட்ட அளவிலான அதிகாரிகள் அறிவிக்கின்றனர்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ரிஷிவந்தியம் போன்ற ஓர் ஊரில் பள்ளி முன்பாக நடப்படும் வேக வரம்புப் பலகைக்குப் பின்னால் இந்த எல்லாப் படிகளும் உள்ளன. இவற்றில் ஒரு படி விடுபட்டாலும், பலகை இருந்தும் விதி செல்லாமல் போகலாம். அல்லது விதி இருந்தும் யாருக்கும் தெரியாமல் போகலாம்.

சட்ட அடிப்படை

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், இயந்திர விசையால் இயங்கும் வாகனங்கள் பொதுப் பட்டியலின் 35ஆவது பதிவில் இடம்பெற்றுள்ளன. எனவே இப்பொருளில் நாடாளுமன்றம், சட்டமன்றம் இரண்டுமே சட்டம் இயற்றலாம். இரண்டும் முரண்படும் இடத்தில் ஒன்றியச் சட்டமே மேலோங்கும். முரண்பட்ட மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றிருந்தால் அந்த மாநிலத்துக்குள் அது செல்லும். தேசிய நெடுஞ்சாலைகள் ஒன்றியப் பட்டியலிலும், பிற சாலைகளும் பாலங்களும் மாநிலப் பட்டியலிலும் உள்ளன. அதாவது, சாலையின் உரிமை ஓர் அரசிடமும், அதில் ஓடும் வாகனம் குறித்த சட்டம் மற்றோர் அரசிடமும் இருக்கக்கூடும்.

இன்று நடைமுறையில் உள்ள அடிப்படைச் சட்டம் மோட்டார் வாகனச் சட்டம், 1988. இது 1989 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இதற்கு முன் 1914, 1939 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாவது அத்தியாயம் போக்குவரத்துக் கட்டுப்பாடு பற்றியது. வேக வரம்பு, எடை வரம்பு, வாகனத் தடை, சாலைக் குறியீடுகள், நிறுத்துமிடம், தலைக்கவசம் ஆகியவை இந்த அத்தியாயத்தில் வருகின்றன.

மூன்று அடுக்குகள்

போக்குவரத்து விதி எனப் பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று அடுக்குகள் உள்ளன.

முதல் அடுக்கு சட்டம். இதை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளிக்க வேண்டும். இதற்கு ஆகும் காலத்துக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஓர் எடுத்துக்காட்டு. இதற்கான மசோதா முதலில் 2016இல் மக்களவையில் அறிமுகமாகி நிலைக்குழுவுக்குச் சென்றது. 2017இல் மக்களவையில் நிறைவேறியபின் மாநிலங்களவையின் தெரிவுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. மக்களவையின் பதவிக்காலம் முடிந்தபோது அது காலாவதியானது. 2019 சூலையில் மீண்டும் கொண்டுவரப்பட்டு, ஆகஸ்ட் 9 அன்று ஒப்புதல் பெற்றது. அதன் பல பிரிவுகள் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

இரண்டாவது அடுக்கு விதிகளும் ஒழுங்குமுறைகளும். ஒன்றிய அரசு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 என்பதையும், தமிழ்நாடு அரசு தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள், 1989 என்பதையும் வகுத்துள்ளன. வண்டி ஓட்டும் முறை குறித்து, சட்டத்தின் 118ஆவது பிரிவின் கீழ் ஒன்றிய அரசு 2017இல் புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. இடப்புறம் செல்லுதல், முந்துதல், சந்திப்பில் வழிவிடுதல் போன்றவை இதில் அடங்கும்.

மூன்றாவது அடுக்கு அறிவிக்கை. எந்தச் சாலையில், எந்த வாகனத்துக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு வேகம் என்பதை இதுவே தீர்மானிக்கிறது. ஊர்மக்களை அன்றாடம் நேரடியாகத் தொடுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது அடுக்குதான்.

வரைவும் ஆட்சேபணையும்

சட்டத்தின் 212ஆவது பிரிவு, விதி வகுக்கும் அதிகாரத்துக்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது. எந்த விதியும் முன்கூட்டியே வரைவாக வெளியிடப்பட்ட பிறகே இறுதி செய்யப்பட வேண்டும். அரசு வரைவை அரசிதழில் வெளியிட்டு, எந்த நாளுக்குப் பின் அது பரிசீலிக்கப்படும் என்பதைக் குறிப்பிடும். அதற்குள் எவரும் ஆட்சேபணையோ ஆலோசனையோ எழுதி அனுப்பலாம். ஒன்றிய அரசின் வரைவுகளில் இதற்குப் பெரும்பாலும் 30 நாள்கள் தரப்படுகின்றன. வந்தவற்றைப் பரிசீலித்த பின் இறுதி விதி அரசிதழில் வெளியாகும். வேறு நாள் குறிப்பிடப்படாவிட்டால், வெளியான நாளிலிருந்தே அது நடைமுறைக்கு வரும்.

அதன் பின்னரும் ஒரு படி உள்ளது. ஒன்றிய அரசின் விதி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும், கூட்டத்தொடரின்போது மொத்தம் 30 நாள்கள் வைக்கப்பட வேண்டும். இரு அவைகளும் ஒப்புக்கொண்டால் அதை மாற்றலாம் அல்லது நீக்கலாம். மாநில அரசின் விதி சட்டமன்றத்தில் வைக்கப்படும். ரிஷிவந்தியம் உள்ளிட்ட எந்தத் தொகுதியின் உறுப்பினரும் அதைப் பற்றி அவையில் கேள்வி எழுப்பலாம்.

இருசக்கர வாகனத்தில் செல்லும் குழந்தைகளுக்கான விதி இந்த நடைமுறையைத் தெளிவாகக் காட்டும். 2019 திருத்தத்தில் 129ஆவது பிரிவு மாற்றப்பட்டு, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பாதுகாப்புக்கு விதி வகுக்கும் அதிகாரம் ஒன்றிய அரசுக்குக் கிடைத்தது. 2021 அக்டோபரில் வரைவு வெளியானது. 2022 பிப்ரவரி 15 அன்று இறுதி விதி வெளியிடப்பட்டு, ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வரும் எனக் கூறப்பட்டது. குழந்தையை ஓட்டுநருடன் இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, குழந்தைக்கு ஏற்ற தலைக்கவசம், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் ஆகியவை இதன் கூறுகள். சட்டத்தில் அதிகாரம் பிறந்த நாளிலிருந்து, சாலையில் அது கட்டாயமாகும் நாள் வரை மூன்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

மாநில அரசின் பங்கு

மாநில அரசு விதிகளை வகுப்பதோடு, சட்டத்தின் 200ஆவது பிரிவின் கீழ் இணக்கக் கட்டணத்தையும் நிர்ணயிக்கிறது. நீதிமன்றம் செல்லாமல், அதிகாரியிடமே செலுத்தி வழக்கை முடித்துக்கொள்ளும் தொகையே இணக்கக் கட்டணம். பொதுவழக்கில் 'ஸ்பாட் ஃபைன்' எனப்படுவது இதுவே. 2019 திருத்தம் அபராதங்களைப் பல மடங்கு உயர்த்தியபோதும், தமிழ்நாட்டில் இணக்கக் கட்டணம் 2022 அக்டோபரில் வெளியான அரசாணை மூலமே அதற்கேற்ப மாற்றப்பட்டது. தலைக்கவசம் அணியாமைக்கு 100 ரூபாயாக இருந்த தொகை 1,000 ரூபாயானது. சட்டம் ஒன்றாக இருந்தும், மாநிலந்தோறும் வசூலிக்கப்படும் தொகை வேறுபடுவதற்கு இந்த அதிகாரமே காரணம்.

பேருந்துத் தடங்களும் இத்தகைய நடைமுறை வழியாகவே முடிவாகின்றன. பேருந்து வசதி இல்லாத ஊர்களை இணைக்கும் புதிய சிற்றுந்துத் திட்டத்தின் வரைவைத் தமிழ்நாடு அரசு 2024 சூனில் வெளியிட்டது. உரிமையாளர்களிடமும் பொதுமக்களிடமும் கருத்துக் கேட்ட பிறகு, அத்திட்டம் 2025இல் நடைமுறைக்கு வந்தது.

உள்ளூர்க் கட்டுப்பாடுகள்

குறிப்பிட்ட இடத்துக்கான கட்டுப்பாடுகளுக்கு மூன்று பிரிவுகள் முக்கியமானவை.

112ஆவது பிரிவு: வாகன வகைக்கேற்ற அதிகபட்ச வேகத்தை ஒன்றிய அரசு அறிவிக்கிறது. அதற்கு உட்பட்டு, பொதுமக்களின் பாதுகாப்பு, சாலை அல்லது பாலத்தின் தன்மை ஆகியவற்றைக் கருதி, மாநில அரசோ அது அதிகாரமளித்த அலுவலரோ குறைந்த வரம்பை அறிவிக்கலாம்.

115ஆவது பிரிவு: ஒரு சாலையில் அல்லது பகுதியில் எல்லா வாகனங்களையோ குறிப்பிட்ட வகை வாகனங்களையோ தடை செய்யவும் கட்டுப்படுத்தவும் அதிகாரம் தருகிறது.

117ஆவது பிரிவு: வாகனங்கள் நிற்கும் இடங்களை, அப்பகுதியின் உள்ளாட்சி அமைப்பைக் கலந்து தீர்மானிக்கச் சொல்கிறது.

நடைமுறையில் இந்த அதிகாரத்தை மாவட்டங்களில் ஆட்சியரும், பெருநகரங்களில் காவல் ஆணையரும் பயன்படுத்துகின்றனர். வேக வரம்புக்கும் தடைக்கும் அரசிதழ் அறிவிக்கை தேவை. ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு மட்டும் அறிவிக்கை தேவையில்லை. வாகனத் தடை என்றால், இயன்ற அளவு உள்ளூரில் விளம்பரப்படுத்த வேண்டும். தேர்த்திருவிழாவுக்கும் பாலப் பணிக்கும் போக்குவரத்தைத் திருப்பிவிடுவது இந்த விலக்கின் கீழ் வரும்.

115ஆவது பிரிவு எப்படிச் செயல்படுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்ட நிகழ்வு, ஈரோடு மாவட்டத்தின் திம்பம் மலைப்பாதை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் வழியே 27 கொண்டை ஊசி வளைவுகளுடன் செல்லும் இச்சாலையில் வன விலங்குகள் வாகனங்களில் அடிபட்டு இறந்தன. பண்ணாரி முதல் காரப்பள்ளம் வரை இரவுநேரப் போக்குவரத்துக்குத் தடை விதித்து 2019 சனவரியில் மாவட்ட ஆட்சியர் அறிவிக்கை வெளியிட்டார். ஆனால் மூன்றாண்டுகள் அது செயலுக்கு வரவில்லை. பொதுநல வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பின், 2022 பிப்ரவரி 10 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. மலைக் கிராம மக்களும் வணிகர்களும் எதிர்த்தனர். அதன் பிறகு உள்ளூர் மக்களின் வாகனங்களுக்கு விலக்குகள் சேர்க்கப்பட்டன. உள்ளூர் மக்களின் தேவை முதலிலேயே கேட்கப்படாதபோது, அது பின்னர் போராட்டமாகவும் வழக்காகவும் வந்து சேர்கிறது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

பலகையின் சட்டநிலை

112, 115 ஆகிய இரு பிரிவுகளும் அறிவிக்கையோடு நிற்பதில்லை. உரிய இடங்களில் 116ஆவது பிரிவின்படி சாலைக் குறியீடுகளை நிறுவவும் சொல்கின்றன. பலகை இல்லாத அறிவிக்கை ஓட்டுநருக்கு எட்டாது. அறிவிக்கை இல்லாத வேகப் பலகை நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

குறியீடுகள் மூன்று வகை. சிவப்பு விளிம்புள்ள வட்டங்கள் கட்டாயக் குறியீடுகள்; இவற்றை மீறுவது 119ஆவது பிரிவின்படி குற்றம். முக்கோண வடிவிலுள்ளவை வளைவு, பள்ளி, குறுகிய பாலம் போன்றவற்றுக்கான எச்சரிக்கைக் குறியீடுகள். நீலப் பலகைகள் தகவல் தருபவை. ஊர் முகப்பில் 'மெதுவாகச் செல்லவும்' என்று எழுதி வைக்கும் பலகை அறிவுரை மட்டுமே. அது வேக வரம்பு ஆகாது. குறியீடுகளை அகற்றுவதையும் சிதைப்பதையும் 116ஆவது பிரிவு தடை செய்கிறது.

வேக மீறலுக்கான சான்றுக்கும் சட்டம் வரம்பு வைத்துள்ளது. வண்டி வேகமாக வந்தது என்று ஒரே சாட்சி தன் கருத்தாகச் சொல்வதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது. அக்கருத்து ஒரு கருவியின் கணிப்பை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என 183ஆவது பிரிவு கூறுகிறது.

ரிஷிவந்தியம் பகுதியில்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 முதல் செயல்படுகிறது. ரிஷிவந்தியம் இம்மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று. சட்டமன்றத் தொகுதியும் ஆகும். தியாகதுருகத்துக்கும் திருக்கோவிலூருக்கும் இடைப்பட்ட பகுதியில் இவ்வூர் அமைந்துள்ளது. தியாகதுருகம் வழியே சேலம் – உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலை செல்கிறது.

ஒரு கோரிக்கையை யாரிடம் வைப்பது என்பது சாலையின் வகையைப் பொறுத்தது. தேசிய நெடுஞ்சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அல்லது ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பொறுப்பு. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை ஆகியவை மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறைக்கும் உள்ளாட்சிகளுக்கும் உரியவை. ஒரே ஊரின் மூன்று தெருமுனைகள் மூன்று துறைகளிடம் இருக்கலாம்.

வேகத்தடை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விபத்தில் ஓர் உயிர் போனதும் ஊர்மக்கள் மறியலில் அமர்ந்து கேட்பது பெரும்பாலும் வேகத்தடையைத்தான். சில இடங்களில் மண்ணையும் சிமெண்டையும் கொட்டித் தாங்களே அமைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரசின் அளவுநெறி உள்ளது. வாகனங்கள் மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்படி, 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வளைந்த மேடாக அது இருக்க வேண்டும் என 1988ஆம் ஆண்டு நெறி கூறியது. முன்னெச்சரிக்கைப் பலகையும் வண்ணப் பட்டைகளும் தேவை. தேசிய நெடுஞ்சாலைகளில் வேகத்தடைகளை அகற்றும்படி ஒன்றிய அமைச்சகம் 2016இல் அறிவுறுத்தியது. குறுகலாகவும் செங்குத்தாகவும் போடப்பட்ட மேடு, இரவில் வரும் இருசக்கர வாகன ஓட்டியைக் கீழே தள்ளும். உயிரைக் காக்கக் கேட்டதே உயிருக்கு ஆபத்தாகும்.

கரும்பு வண்டிகள் மற்றொரு பொருள். மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. அரவைப் பருவத்தில் டிராக்டர் டிரெய்லர்களில் கரும்பு ஏற்றிச் செல்லப்படுகிறது. வண்டியின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் சுமைக்கு, 2019 திருத்தத்தின் 194ஆவது பிரிவு 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. பின்புற விளக்கும் ஒளி எதிரொளிப்பானும் மத்திய விதிகளின்படி தேவை. இங்கு புதிய விதி தேவையில்லை. ஆலை, காவல்துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் மூன்றும் பருவம் தொடங்கும் முன் ஒன்றுசேர்ந்து, உள்ள விதியை நடைமுறைப்படுத்துவதே தேவை.

கல்வராயன் மலையில் நிலைமை வேறு. சரக்கு வண்டியில் ஆள்களை ஏற்றுவது விதிமீறல். ஆனால் பேருந்து எட்டாத மலைக் கிராமத்தார் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்லக் கிடைப்பது பல நேரங்களில் அந்த வண்டிதான். அங்கு அபராதம் மட்டும் போட்டால் மக்கள் நடக்க வேண்டியிருக்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் மலை வளைவில் வண்டி கவிழும்போது பலர் உயிரிழக்க நேரிடும். விதியோடு பேருந்துத் தடமும் சேர்ந்து வர வேண்டிய இடம் இது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், சாலை, பேருந்து வசதிகளும் விசாரணைக்கு வந்தன.

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு

சட்டத்தின் 215ஆவது பிரிவு தேசிய, மாநில, மாவட்ட அளவில் சாலைப் பாதுகாப்பு அமைப்புகளுக்கு வழி செய்கிறது. நெடுங்காலம் பல மாவட்டங்களில் இக்குழுக்கள் செயல்படவில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு இதில் திருப்பமானது. அவ்வழக்கில் 2014இல் சாலைப் பாதுகாப்புக்கான குழு ஒன்றை நீதிமன்றம் அமைத்தது. 2017 நவம்பர் 30 தீர்ப்பில், எல்லா மாவட்டங்களிலும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்க உத்தரவிட்டது.

ஆட்சியர் தலைமையிலான இக்குழுவில் காவல் கண்காணிப்பாளர், நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர் போன்றோர் இடம்பெறுகின்றனர். விபத்து மிகுந்த இடங்களைக் கண்டறிதல், வேக வரம்பு, வேகத்தடை, விளக்கு, பலகை ஆகியவற்றைப் பரிந்துரைத்தல் இதன் பணிகள். மூன்று துறைகளிடம் பிரிந்து கிடக்கும் பொறுப்பு ஒரே மேசைக்கு வரும் இடம் இதுவே.

நீதிமன்றங்களின் பங்கு

விதிகளையும் அறிவிக்கைகளையும் உயர் நீதிமன்றம் ஆராயலாம். ஒன்றிய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கை, விரைவுச்சாலைகளில் கார்களின் அதிகபட்ச வேகத்தை மணிக்கு 120 கிலோமீட்டராக உயர்த்தியது. விபத்து இழப்பீட்டு மேல்முறையீடு ஒன்றை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், 2021இல் இந்த அறிவிக்கையை ரத்து செய்து தீர்ப்பளித்தது.

சாலையின் வடிவமைப்புக்கும் இப்போது சட்டப் பொறுப்பு உண்டு. பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்றாமல் சாலை அமைத்து அதனால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என 2019இல் சேர்க்கப்பட்ட 198அ பிரிவு கூறுகிறது.

பொதுமக்கள் பங்கேற்பு

212ஆவது பிரிவின் முன்வெளியீட்டு நிபந்தனை, விதிகளுக்கு மட்டுமே பொருந்தும். ஒரு சாலையின் வேக வரம்புக்கோ தடைக்கோ வெளியிடும் அறிவிக்கைக்கு வரைவு வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இங்கிலாந்தில் உள்ளூர்த் தெருவுக்கான நிரந்தரப் போக்குவரத்து ஆணைக்கும் முன்னறிவிப்பு செய்து, ஆட்சேபணைக்கு 21 நாள்கள் தர வேண்டும். இந்தியாவில் நாடு முழுவதற்குமான விதிக்கு ஒருவர் ஆட்சேபணை அனுப்பலாம். தன் வீட்டு வாசலிலுள்ள சாலையின் வேக வரம்புக்குக் கருத்துச் சொல்ல அத்தகைய முறையான வாய்ப்பு இல்லை.

இந்த இடைவெளியை வேறு வழிகள் ஓரளவு நிரப்புகின்றன. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாம். திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு அளிக்கலாம். மனுவில் சாலையின் பெயரும் வகையும், விபத்து நடந்த இடமும் நாளும், கேட்கும் நடவடிக்கை எந்தப் பிரிவின் கீழ் வரும் என்பதும் இருந்தால், சாலைப் பாதுகாப்புக் குழுவின் பொருள்நிரலில் அதைச் சேர்ப்பது எளிது. நடவடிக்கை எடுக்கப்பட்டதா, அறிவிக்கை வெளியானதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் கேட்டுப் பெறலாம். அச்சட்டப்படி பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தரப்பட வேண்டும்.